மச்சுக்கு மூட்டை ஏற்றும் சுற்றுருளை

விளைந்த தானியத்தைக் களத்திலிருந்து வீடு கொண்டுவந்து சேர்த்ததோடு விவசாயியின் கவலை நீங்கிவிடுவதில்லை. அடுத்த போகத்துக்குரிய விதை நெல்லையும், நல்ல விலை கிடைக்குமட்டும் இருப்பு வைக்க வேண்டிய உளுந்து, பயறு, நிலக்கடலை முதலியவற்றையும் ஈரம் அணுகாத இடத்தில் வைத்துக் காப்பது அறுவடைக்கு நிகரான காரியமாகும். காவிரிக் கழிமுகப் பிரதேசத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் தரைமட்டத்து மூட்டைகள் அடியில் ஈரம் ஏறிப் பூசணம் பிடிப்பது வழக்கமான நஷ்டம். நாகப்பட்டினம் கரையோரத்தை 1952, 1977, 2018 ஆகிய ஆண்டுகளின் நவம்பர் மாதங்களில் தாக்கிய புயல்களைப் போன்றவை வருங்காலத்திலோ, தரையில் உள்ளது எதுவும் தப்புவது அரிது. ஆதலின் பண்ணை வீடுகளிலும் கொட்டகைகளிலும் மச்சு அல்லது பரண் அமைத்துத் தானியத்தை மேலே வைக்கும் பழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது.

ஆனால் மூட்டையை மேலே கொண்டுபோவது எவ்வாறு? பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் மூட்டையை முதுகிலோ தலையிலோ சுமந்து ஏணியில் ஏறுகிறான். இரு கைகளும் மூட்டையைப் பிடித்திருக்க, ஏணியைப் பிடிக்கக் கை இல்லை. 1967-ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் வெளியிட்ட பரிந்துரை, வயது வந்த ஆண் ஒருவன் கையால் தூக்கிச் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று கூறுகிறது. நிறைந்த நெல் மூட்டையோ 60 முதல் 75 கிலோ வரை இருக்கிறது. சமதரையிலேயே மிகையான இப்பாரத்தை ஏணியில் சுமக்கச் செய்வதால் முதுகு முறிந்தோரும் விழுந்து உயிரிழந்தோரும் உண்டு. அத்தகைய நஷ்டத்தை எந்த விளைச்சலாலும் ஈடு செய்ய இயலாது.

இவ்வபாயத்தை நீக்கும் எளிய சாதனம் சுற்றுருளையாகும். துறைமுகங்களிலும் கட்டிட வேலையிடங்களிலும் வின்ச் என்று வழங்குவது இதுவே. கிராமத்துத் தச்சரும் கொல்லரும் சேர்ந்து சில நாட்களில் இதைச் செய்துவிடலாம். கிணற்றுக் கப்பியையும் கவலை ஏற்றத்தின் உருளையையும் அறிந்த விவசாயிக்கு இதன் அமைப்பில் புதியது அதிகம் இல்லை. எனினும் ஒரு விஷயத்தை முதலிலேயே மனத்தில் இருத்த வேண்டும். மூட்டையை மேலே தூக்குவது சுலபம்; தூக்கிய மூட்டையைக் கை விட்டாலும் விழாதபடி தாங்கி நிறுத்துவதே முக்கியம். கீழே கூறப்படும் ஒவ்வோர் உறுப்பும் அதன் பொருட்டே அமைக்கப்படுகிறது.

பாரம் குறையும் விதம்

இச்சாதனத்தில் பாரம் இரண்டு இடங்களில் குறைகிறது. முதலாவது, மூட்டையுடன் சேர்ந்து ஏறி இறங்கும் தொங்கு கப்பி. கயிற்றின் ஒரு நுனியை மேலுத்திரத்தில் கட்டி, மற்றப் பாகத்தைத் தொங்கு கப்பியின் கீழாகச் செலுத்தி மீண்டும் மேலே கொண்டுபோனால், மூட்டையை இரண்டு இழைகள் தாங்குகின்றன. மூட்டை 75 கிலோவும், பலகை, கொக்கி, கப்பி ஆகியவை 5 கிலோவும் ஆக மொத்தம் 80 கிலோ எனக் கொண்டால், ஒவ்வோர் இழைக்கும் 40 கிலோவே விழும்.

இரண்டாவது, உருளையும் கைப்பிடியும். கயிறு சுற்றும் உருளையின் குறுக்களவு 15 செ.மீ., கயிற்றின் கனம் 2 செ.மீ. எனில், உருளையின் நடுவிலிருந்து கயிற்றின் நடு வரை தூரம் எட்டரைச் செ.மீ. ஆகும். கைப்பிடியின் நீளம் 35 செ.மீ. ஆயின், கையின் பலம் நான்கு மடங்காகப் பெருகுகிறது. ஆகவே 40 கிலோ இழுப்புக்குக் கையால் கொடுக்க வேண்டியது 10 கிலோ. கப்பிகளின் உராய்வைச் சேர்த்தால் 13 அல்லது 14 கிலோ. இது ஒரு குடம் தண்ணீரைத் தூக்கும் சிரமமே.

பலம் மிச்சமாகும் அளவுக்குச் சுற்று கூடும். ஒரு சுற்றுக்குக் கயிறு 53 செ.மீ. சுருளும், மூட்டை அதில் பாதியே உயரும். மூன்றரை மீட்டர் உயரம் ஏற்ற 13 சுற்றுகள் வேண்டும். நிதானமாகச் சுழற்றினும் இது ஒரு நிமிஷத்துக்குள் முடியும் வேலையே.

மேலுத்திரம்

மச்சின் வாயிலுக்கு மேலே சுவருக்கு வெளியே நீண்டு நிற்கும் உத்திரமே இச்சாதனம் முழுவதற்கும் ஆதாரம். ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரில் கால்வாயோரப் பழைய வீடுகளின் முகப்பு உச்சியில் இத்தகைய உத்திரமும் கொக்கியும் இன்றும் காணப்படுகின்றன. அங்கே வணிகர்கள் தங்கள் சரக்கை மேல்மாடிக்கு இவ்விதமே ஏற்றினர்.

உத்திரத்தின்மேல் விழுவது மூட்டையின் பாரம் மட்டுமே என்று எண்ணுவது தவறு. மூட்டையைத் தாங்கும் இரண்டு இழைகளோடு, உருளையை நோக்கிக் கீழே செல்லும் மூன்றாவது இழையும் உத்திரத்தை இழுக்கிறது. ஆகவே 80 கிலோ தொங்கும்போது உத்திரம் தாங்குவது 120 கிலோ. தொங்கு கப்பி இல்லாமல் மேலே ஒரே கப்பி வைத்து ஏற்றினால் 160 கிலோவாகும். கயிறு திடீரென்று வெட்டி இழுக்கும்போது இப்பாரம் இரட்டிக்கவும் கூடும்.

மூன்று மீட்டர் உயரமுள்ள மச்சுக்கு, மச்சுத் தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரத்தில், அதாவது நிலத்திலிருந்து 5.4 மீட்டர் அல்லது 18 அடி உயரத்தில், உத்திரம் அமைதல் வேண்டும். தேக்கு, வேங்கை போன்ற உறுதியான மரத்தில் 10 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் உள்ள சட்டம் போதுமானது. சுவருக்கு வெளியே முக்கால் மீட்டருக்கு மேல் நீட்டலாகாது. உள்ளே இருக்கும் பாகம் வெளிப்பாகத்தைப் போல் இரு மடங்குக்குக் குறையாமல், ஒன்றரை மீட்டராவது இருத்தல் அவசியம். சட்டத்தை அகலவாட்டில் படுக்க வைக்காமல் உயரவாட்டில் நிறுத்தியே பொருத்த வேண்டும். படுக்க வைத்தால் அதே மரம் மூன்றில் இரண்டு பங்கு பலமே தரும்.

வெளியே பாரம் தொங்கும்போது உத்திரத்தின் உள்நுனி மேலே எழும்ப முயலும். ஆகவே உள்நுனியைக் கட்டிடத்தின் முக்கிய விட்டத்தின் அடியில் செலுத்தி, 16 மி.மீ. கனமுள்ள போல்ட்டுகள் இரண்டும் அகன்ற இரும்புப் பட்டைகளும் கொண்டு முடுக்குதல் வேண்டும். ஓடு தாங்கும் ரீப்பரிலோ கைமரத்திலோ கட்டுவது பெரும் அபாயம். ஆணியை மட்டும் நம்புவதும் கூடாது. சுவர் மண்ணாலோ சுண்ணாம்புக் காரையாலோ ஆனதாயின், உத்திரம் அமரும் இடத்தில் அகன்ற கருங்கல் ஒன்றைப் பதித்து அதன்மேல் வைப்பது நலம். பழைய கட்டிடத்து மரத்தை உபயோகிப்போர், செல்லரிப்பும் குறுக்கு வெடிப்பும் முன்பு துளைத்த ஓட்டைகளும் இல்லாததாகப் பார்த்தெடுக்க வேண்டும்.

கப்பிகளும் கயிறும்

மூன்று கப்பிகள் தேவை. ஒன்று உத்திரத்தின் நுனியில்; ஒன்று மூட்டையுடன் தொங்குவது; மூன்றாவது சுவரின் அடியில் கயிற்றைத் திருப்புவது. இம்மூன்றாவது கப்பியை வீண் என்று விட்டுவிடலாகாது. இதன் உதவியால் சுற்றுருளையைத் தூக்குமிடத்திலிருந்து இரண்டரை மீட்டர் விலகி வைக்க இயலும். சுற்றுபவர் மூட்டையின் அடியில் நிற்காமல், அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். உத்திரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் குற்றமும் நேராது. அடிக்கப்பியைக் கயிறு 40 கிலோ பாரத்துடன் மேலேயும், அதே அளவு பக்கத்திலும் இழுக்குமாதலால், அதைக் கல்தூணிலோ கான்கிரீட்டில் புதைத்த வளையத்திலோ மாட்ட வேண்டும். முளையடித்துக் கட்டுவது போதாது.

கப்பியின் குறுக்களவு கயிற்றின் கனத்தைப் போல் எட்டு மடங்காவது இருத்தல் வேண்டும். 2 செ.மீ. கயிற்றுக்கு 16 செ.மீ. கப்பி ஏற்றது. சிறிய கப்பியில் கயிறு குறுகி வளைந்து உள்நார்கள் அறுந்துபோகும். வெளியே பார்க்க நன்றாகவே தோன்றும்.

கயிற்றில் மணிலா நார்க் கயிறோ நைலான் கயிறோ சிறந்தது. தென்னை நார்க் கயிறு வலிமையில் இவற்றினும் மிகக் குறைந்ததாதலால் இவ்வேலைக்கு உதவாது. பிளாஸ்டிக் கயிறுகளில் சில வெயிலில் நாளடைவில் நொறுங்கும் தன்மையுடையவை. ஆகவே எக்கயிறாயினும் வேலை முடிந்ததும் கழற்றி நிழலில் சுருட்டி வைப்பது நன்று. மேலே கூறிய அளவுக்கு 20 மீட்டர் நீளம் வேண்டும். நடுவில் முடிச்சுப் போட்டு ஒட்டிய கயிற்றை எக்காலத்தும் உபயோகிக்கலாகாது. முடிச்சு கயிற்றின் பலத்தைக் குறைப்பதோடு, கப்பியில் சிக்கியும் நிற்கும்.

உருளை

வாகை, பூவரசு போன்ற வெடிக்காத மரத்தில் 15 செ.மீ. குறுக்களவும் 45 செ.மீ. நீளமும் உள்ள உருளையைக் கடைந்து, இரு பக்கத்திலும் 25 செ.மீ. குறுக்களவுள்ள வட்டத் தட்டுகளைப் பொருத்த வேண்டும். இந்நீளத்தில் கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகச் சுற்றும். அச்சுக்கு வட்டக் கம்பியைவிட 25 மி.மீ. சதுரக் கம்பியே சிறந்தது. உருளை அச்சில் நழுவிச் சுழல இடம் இராது. தாங்கிகளில் அமரும் இரண்டு இடங்களை மட்டும் கொல்லரைக் கொண்டு உருட்டிக்கொள்ளலாம்.

உருளையின் கால்கள் இரண்டும் 10 செ.மீ. சதுரச் சட்டங்களாக இருக்கட்டும். அச்சு நிலத்திலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருந்தால் குனியாமல் சுற்றலாம். கால்களை 60 செ.மீ. ஆழம் புதைத்து, கயிறு இழுக்கும் திசைக்கு எதிர்ப்புறம் சாய்வுக் கட்டைகளால் முட்டுக் கொடுக்க வேண்டும்.

கயிற்றின் நுனியை உருளையில் துளைத்த ஓட்டை வழியே செலுத்தி உட்புறம் முடிச்சிட வேண்டும். மூட்டை நிலத்தில் இருக்கும்போதும் உருளையில் குறைந்தது மூன்று சுற்று கயிறு மிச்சமிருத்தல் அவசியம். பாரத்தைத் தாங்குவது உண்மையில் அம்மூன்று சுற்றுகளின் பிடிப்பே; முடிச்சு துணைக்கு உள்ளதே.

பற்சக்கரமும் தடைநாக்கும்

சாதனத்தின் உயிர்நிலை இதுவே. 10 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகட்டில் 20 செ.மீ. குறுக்களவுள்ள சக்கரம் வெட்டி, அதன் ஓரத்தில் ஒருபக்கம் சாய்ந்த 12 பற்கள் அமைக்க வேண்டும். காலில் பொருத்திய இரும்பு நாக்கு ஒன்று தன் பாரத்தினாலேயே பற்களின்மேல் விழுந்து நிற்க வேண்டும். கயிறு சுருளும்போது நாக்கு பற்களைத் தாண்டித் தாண்டிச் செல்லும். கைப்பிடியை விட்ட மாத்திரத்தில் அடுத்த பல்லில் மாட்டி உருளையை நிறுத்திவிடும். 12 பற்கள் இருப்பின் மூட்டை இரண்டரைச் செ.மீ.-க்கு மேல் இறங்காது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பற்சக்கரத்தை அச்சில் மாட்டாமல் உருளையின் வட்டத் தட்டிலேயே போல்ட்டு வைத்து இறுக்க வேண்டும். அப்போது கைப்பிடி ஒடிந்தாலும், அச்சு முறுக்கிக்கொண்டாலும் உருளை அசையாது. நாக்கைச் சுருள்கம்பியை நம்பி அமைப்பதும் நல்லதன்று. கம்பி ஒருநாள் தளரும், பாரம் தளராது.

இறக்குவதற்குரிய தடை

மச்சின் வாயிலுக்கு நேரே வந்த மூட்டையைத் தரையைவிட அரை மீட்டர் உயர்த்தி, உள்ளே இழுத்து, மெல்ல இறக்கி வைக்க வேண்டும். விற்பனைக் காலத்தில் மூட்டைகளைக் கீழே இறக்கவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் நாக்கைத் தூக்கிவிட்டுக் கைப்பிடியால் தாங்கி இறக்குவது பலரும் செய்யும் பிழை. கை நழுவினால் கைப்பிடி வேகமாகச் சுழன்று எலும்பை முறிக்கும், மூட்டையும் விழும்.

ஆகவே பற்சக்கரம் இல்லாத பக்கத்து வட்டத் தட்டின்மேல் அரிசி ஆலைகளில் கழித்த பழைய பெல்ட் துண்டு ஒன்றை முக்கால் வட்டம் சுற்றி, ஒரு நுனியைக் காலில் நிலையாகவும் மறு நுனியை ஒரு நெம்புகோலிலும் பொருத்த வேண்டும். நெம்புகோலை அழுத்தினால் பெல்ட் இறுகி உருளையைப் பிடிக்கும். மூட்டை இறங்கும்போது உருளை பெல்ட்டை நிலைநுனியிலிருந்து நெம்புகோலின் பக்கமாக இழுக்கும்படி அமைப்பது முக்கியம். அவ்வாறு அமைத்தால் சிறிதளவு அழுத்தமே போதும். மாற்றி அமைத்தாலோ பன்மடங்கு பலம் வேண்டியிருக்கும். அவசரத்தில் அப்பலம் கிட்டாது. பெல்ட்டில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறக்கும் முறை வருமாறு: முதலில் தடையை அழுத்துக, பின் கைப்பிடியால் சிறிது மேல்நோக்கிச் சுற்றி நாக்கை விடுவித்துத் தூக்குக, பின் கைப்பிடியை அச்சிலிருந்து கழற்றிவிடுக, அதன் பின்பே தடையைச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. இதற்கெனக் கைப்பிடியைக் கழற்றி மாட்டத்தக்கதாகச் செய்துகொள்ள வேண்டும்.

மூட்டையைக் கட்டும் முறை

சாக்கின் காதில் கொக்கியை மாட்டித் தூக்கலாகாது. தையல் விட்டால் மூட்டை தலைக்கு மேல் விழும். 90 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள ஊஞ்சல் பலகையின் நான்கு மூலைகளிலும் கயிறு கட்டி ஒன்றாகச் சேர்த்துக் கொக்கியில் மாட்டி, மூட்டையை அதன்மேல் படுக்க வைத்து, ஒரு சுற்று கயிற்றால் கட்டி ஏற்றுவதே முறை. 40 கிலோச் சிப்பங்களாயின் இவ்விரண்டாகச் சேர்த்து ஏற்றலாம். கொக்கியின் வாயில் தாழ்ப்பாள் உள்ளதாக வாங்குக. இல்லாவிடில் கயிற்றால் வாயைக் கட்டிவிடுக.

மேலே நிற்பவர் மூட்டையை எட்டிப் பிடிக்க வெளியே சாய்தல் கூடாது. மச்சு வாயிலில் இடுப்பளவில் குறுக்குக் கட்டை ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். பலகையில் கட்டிய சிறு கயிற்றைக் கொக்கிக் கழியால் பற்றி, கட்டையை நீக்காமலே மூட்டையைத் தம் பக்கம் திருப்பி, அது தரைக்கு நேராக வந்தபின்பே கட்டையை எடுக்க வேண்டும். மனிதர் எவரும், விளையாட்டாகவேனும், பலகையில் ஏறலாகாது.

சோதனை

புதிய சாதனத்தை முதலில் தானியத்தால் சோதித்தல் கூடாது. 120 கிலோ மணலைச் சாக்குகளில் கட்டி, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம் மட்டும் தூக்கி, நாக்கின்மேல் அரை மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும். அப்போது உத்திரத்தின் உள்நுனி எழும்புகிறதா, சுவரில் வெடிப்புக் காண்கிறதா, கால்கள் அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். பின்னர் தடையினால் மட்டும் அதே பாரத்தைத் தாங்கிப் பார்க்க வேண்டும். இவற்றில் தேறினால்தான் 80 கிலோ வரை ஏற்றத் தகுதியுடையது. அதன்பின் ஒவ்வோர் அறுவடைக்கும் முன்னர் கயிற்றை அடி முதல் நுனி வரை விரல்களால் தடவிப் பார்ப்பதும், கப்பிகளுக்கு மசகிடுவதும், போல்ட்டுகளை முடுக்குவதும் அவசியம்.

மச்சு எவ்வளவு தாங்கும்?

சாதனம் நன்றாக அமைந்த பின்பு நேரும் அபாயம் வேறொன்று. ஏணியில் சுமந்த காலத்தில் பத்து மூட்டையோடு ஆட்கள் களைத்துப்போனார்கள். அந்தக் களைப்பே மச்சுக்குப் பாதுகாப்பாக இருந்தது. இப்போது களைப்பின்றி மூட்டைகள் ஏறிக்கொண்டே இருக்கும். 75 கிலோ மூட்டை ஒன்று படுக்கையில் சுமார் அரைச் சதுர மீட்டர் இடம் கொள்கிறது. ஒரே அடுக்காக வைத்தால் சதுர மீட்டருக்கு 150 கிலோ. இரண்டு அடுக்காயின் 300. நான்கு அடுக்காயின் 600 கிலோ. குடியிருப்பு வீடுகளின் மேல்தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயப்படி கணக்கிடப்படும் பாரமோ சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். மரத்து மச்சுகளில் பல அதனையும் எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல.

ஆகவே மச்சின் விட்டங்களைத் தச்சரோ பொறியாளரோ சோதித்து அளவு சொல்லும் வரை ஓர் அடுக்குக்கு மேல் வைக்கலாகாது. மூட்டைகளை நடுவில் குவிக்காமல், விட்டங்கள் சுவரில் அமரும் ஓரங்களை அடுத்து, சுவரைத் தொடாமல் ஒரு முழம் விட்டு அடுக்குவது நலம். விதை நெல்லை ஈரம் 13 சதவிகிதத்துக்கு மேற்படாதவாறு உலர்த்திய பின்பே மேலேற்ற வேண்டும். ஈர நெல்லை மச்சில் வைத்தால் அது சூடேறி முளைப்புத் திறனை இழக்கும், பாரமும் கூடும்.

கிராம அலுவலர்கள் கவனத்துக்கு

கூட்டுறவுச் சங்கக் கிடங்குகளிலும், பலர் சேர்ந்து உபயோகிக்கும் களஞ்சியங்களிலும் இச்சாதனத்தை அமைப்பின், பொறுப்பு ஒருவரிடம் இருத்தல் வேண்டும். எல்லோருக்கும் உரியதைச் சோதிப்பவர் ஒருவரும் இலர் என்ற நிலை வரலாகாது. ஏற்றத்தக்க பாரம் எவ்வளவு, மச்சில் வைக்கத்தக்க மூட்டைகள் எத்தனை என்பதைச் சுவரில் பெரிய எழுத்துக்களில் எழுதி வைக்க வேண்டும். தூக்குமிடத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் தூரத்துக்குக் கயிறு கட்டித் தடுத்து, வேலை நடக்கும்போது குழந்தைகளும் கால்நடைகளும் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் கைப்பிடியைக் கழற்றிப் பொறுப்பாளர் தம்மிடம் வைத்துக்கொள்வது சிறந்த பாதுகாப்பு.

அறுவடை நெருங்குமுன் ஓய்வான மாதங்களிலேயே தச்சரையும் கொல்லரையும் அமர்த்தி இவ்வேலையை முடித்துக்கொள்வது உத்தமம். அவசரத்தில் செய்த சாதனம் சோதனையின்றி உபயோகத்துக்கு வரும். நிதானமாகச் செய்து, மணல் மூட்டையால் சோதித்து வைத்தது, மழை தொடங்கும் நாளில் தானியத்தை மேலேற்றி, ஏற்றியவர்களையும் நலமாக வீட்டுக்கு அனுப்பும்.